தேவ அழைத்தல்: முகாமின் கடைசி இரவில் முடிவெடுக்க வேண்டாம்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும், கத்தோலிக்கக் குருவாகவோ துறவியாகவோ வாழக் கடவுள் அழைக்கிறாரா என்று தேடும் தேவ அழைத்தல் முகாம்கள் தொடங்கிவிடும். சில நாள் செபம், பாட்டு, பகிர்வு. கடைசி இரவு நற்கருணை ஆராதனை முடிந்து பலரும் கண்கலங்கி இருக்கும்போது, சேர விரும்புகிறவர்கள் பெயர், பங்கு, மதிப்பெண் எழுதச் சொல்லி ஒரு தாள் கைக்கு வரும். அப்போது மனதில் எழுவது பொய்யல்ல. ஆனால் வாழ்நாள் முடிவுக்கான நேரம் அதுவல்ல.

இயேசு சபையைத் தொடங்கிய புனித லொயோலா இஞ்ஞாசியார் தமது 'ஆன்மப் பயிற்சிகள்' நூலின் 336ஆம் எண்ணில் இதைத் தெளிவாகப் பிரிக்கிறார். முன்காரணம் ஏதுமின்றிக் கடவுளே நேரடியாகத் தரும் ஆறுதலில் ஏமாற்று இல்லை. ஆனால் அது ஓய்ந்தபின் உள்ளத்தில் தங்கும் அந்தச் சூட்டில் நம் சொந்தக் கணக்குகளும் ஆசைகளும் கலந்துவிடும். அப்போது பிறக்கும் தீர்மானங்களை நன்றாகச் சோதித்த பிறகே ஏற்க வேண்டும். இதன் மறுபக்கம் 318ஆம் எண்: செபத்தில் சுவையே இல்லாத வறட்சியில் இருக்கும்போது, முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றக்கூடாது. குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடத்தில் சேர்ந்த சில மாதத்திலேயே பெட்டியைக் கட்டுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

இது அவர் பட்டறிந்த பாடம். 1521இல் பம்ப்லோனா போரில் கால் முறிந்து படுத்திருந்தபோது, சீமாட்டியையும் வீரப் புகழையும் பற்றிய கனவும் இனித்தது, புனிதர்களைப்போல வாழும் கனவும் இனித்தது. வேறுபாடு பிறகுதான் தெரிந்தது. முதலாவது கலைந்ததும் வெறுமை. இரண்டாவது கலைந்த பிறகும் மகிழ்ச்சி நின்றது. ஆக, கவனிக்க வேண்டியது ஆசை எழும்போது உள்ள இன்பத்தை அல்ல, அது போன பிறகு எது மிஞ்சுகிறது என்பதை.

இதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இரவு, அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆன்ம சோதனைக்குக் கால் மணி நேரம் ஒதுக்கி, அன்று துறவற எண்ணம் வந்ததா, வருவதற்குச் சற்று முன் என்ன நடந்தது, போனபின் மனம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள். மறுநாள் காலையில் அதை வாசித்து ஒரு வரி சேருங்கள். மூன்று மாதத்தில் ஒரு போக்கு தெரியும். வீட்டில் சண்டை வந்த நாளிலும், "எப்போடா வேலைக்குப் போவே?" என்று மாமா கேட்ட நாளிலும் மட்டுமே குருமட ஆசை பொங்கினால், அது பெரும்பாலும் தப்பித்தல். சிறப்பு எதுவும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, காலைத் திருப்பலி முடிந்து வீடு திரும்பும்போது அமைதியாக வந்து நிற்கும் எண்ணத்துக்குக் காது கொடுங்கள்.

பிறகு பட்டியல். போனால் நன்மை, போனால் இடர் என்று இரண்டோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். இஞ்ஞாசியார் கேட்பது நான்கு: போகாவிட்டால் என்ன நன்மை, போகாவிட்டால் என்ன இடர் என்பதும் வேண்டும். மூன்றாவது பட்டியல் வெறுமையாக இருந்தால் நீங்கள் இன்னும் தேர்ந்தெடுக்கவே தொடங்கவில்லை. திருமணத்தைக் கடவுளின் கொடையாகப் பார்க்க முடிந்தவரால்தான் அதை மனமார விட்டுக்கொடுக்கவும் முடியும். எத்தனை காரணம் என்று எண்ணாதீர்கள். எது கனமானது என்று பாருங்கள். வந்த முடிவைச் செபத்தில் கடவுள்முன் வைத்து உறுதி கேளுங்கள்.

உங்களுக்கு வழிகாட்டும் ஆன்ம குருவாக, நீங்கள் சேர நினைக்கும் துறவற சபைக்கு ஆள் தேடுபவரைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது. குருமடத்தில் சேர்ந்தபின்னும் பயப்படாமல் மனம் திறக்கலாம்: குருத்துவத் திருப்பட்டத்துக்கு ஒருவரை ஏற்பதா, குருமடத்தை விட்டு அனுப்புவதா என்று முடிவுசெய்யும்போது அவருடைய ஆன்ம குருவிடமோ ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்) கேட்கும் குருவிடமோ கருத்துக் கேட்கவே கூடாது என்கிறது திருச்சபைச் சட்டம் 240. ஆனால் கடன், நோய், முன்பு வேறு சபையில் இருந்தது போன்றவற்றைச் சபைப் பொறுப்பாளரிடம் மறைக்கக்கூடாது. வேறு சபையில் வார்த்தைப்பாடு (துறவற வாக்குறுதி) கொடுத்திருந்ததை மறைத்தால், தொடக்கப் பயிற்சிக் காலமான நவதுறவகத்தில் சேர்ந்ததே செல்லாது (சட்டம் 643).

நம் ஊர்த் தாய்மார்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். "இந்தப் பிள்ளை பிழைத்தால் மாதாவுக்கே கொடுத்துவிடுகிறேன்" என்ற நேர்ச்சை, நேர்ந்தவரை மட்டுமே கட்டும் (சட்டம் 1193). பிள்ளையைக் கட்டாது. வாழ்க்கை நிலையைத் தேர்வதில் யாரும் யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று சட்டம் 219 தனியாகவே சொல்கிறது. மனம் உறுத்தினால் பங்குத்தந்தையிடம் போங்கள். தகுந்த காரணம் இருந்தால் அந்த நேர்ச்சையிலிருந்து விலக்கு அளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு.

உள்ளே போனாலும் கதவு உடனே மூடுவதில்லை. நவதுறவகம் குறைந்தது 12 மாதம். தற்காலிக வார்த்தைப்பாடு 3 முதல் 6 ஆண்டு, தேவைப்பட்டால் மொத்தம் 9 வரை நீட்டலாம். குருத்துவத்துக்கு மெய்யியலும் இறையியலும் சேர்ந்து குறைந்தது 6 ஆண்டுப் படிப்பு, 25 வயதும் நிறைந்திருக்க வேண்டும். திருச்சபை இத்தனை ஆண்டுகளை வைத்திருப்பதே சோதித்துப் பார்க்கத்தான். நவதுறவி எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம். அப்படித் திரும்பி வரும் பிள்ளையிடம் "ஏன் வந்துட்டே?" என்று கோயில் வாசலிலேயே கேட்பவர்கள், அடுத்த பிள்ளை தெளிவில்லாமலேயே உள்ளே தங்கிவிடக் காரணமாகிறார்கள். வந்தவரைப் பாடகர் குழுவிலும் மறைக்கல்வி வகுப்பிலும் வழக்கம்போல் சேர்த்துக்கொள்ளுங்கள்.