வெட்ட வேண்டாம், காத்திருங்கள் என்றார் டாக்டர்

பினாங்கில் எங்கள் வட்டாரத்து அரசாங்க கிளினிக்கில் எச்பிவி சோதனை செய்துகொண்டேன். கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ் அது. திரைக்குப் பின்னால் நாமே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து நர்ஸ் மிஸ்ஸியிடம் கொடுத்துவிடலாம். வலியே இல்லை.

வைரஸ் இருப்பதாக முடிவு வந்தது. 16, 18 வகை இல்லை, வேறு வகை. கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 விழுக்காட்டுக்கு அந்த இரண்டும்தான் காரணம் என்பதால், அவை இருந்திருந்தால் கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கோல்போஸ்கோப்பிக்கு நேராக அனுப்பியிருப்பார்களாம். எனக்கு முதலில் கருப்பை வாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் எடுத்தார்கள். அதிலும் மாற்றம் தெரிந்தது, ஆஸ்பத்திரிக்குப் போனேன். அசிட்டிக் அமிலம் தடவி, வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் துளிச் சதை எடுத்தார்கள். "இருமுங்க" என்றார் டாக்டர். இருமி முடிப்பதற்குள் கிள்ளிவிட்டார், கெட்டிக்காரர்!

முடிவு சிஐஎன் 1. கருப்பை வாய்ச் செல்களில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றத்தை 1 முதல் 3 வரை தரம் பிரிப்பார்கள், 1 என்றால் லேசான மாற்றம். வெட்ட வேண்டாம், ஓராண்டு கழித்து வாருங்கள் என்றதும் எனக்குப் பகீரென்றது. இருப்பது தெரிந்தபின் எதற்கு விட்டுவைப்பது?

டாக்டர் பொறுமையாக விளக்கினார். இந்த வைரஸ் ரத்தத்தில் பரவுவதில்லை, செல்லை வெடிக்க வைப்பதுமில்லை. மேல்தோலிலேயே சத்தமில்லாமல் குடியிருப்பதால் உடம்புக்குச் சீக்கிரம் தெரிவதில்லை. அங்கே காவலுக்கு லாங்கர்ஹான்ஸ் செல்கள் உண்டு. வைரஸின் துணுக்கைப் பிடித்து நிணநீர்க் கணுவுக்குக் கொண்டுபோய், கிருமி புகுந்த செல்களை அழிக்கும் டி செல்களுக்குக் காட்டுபவை அவைதாம். வைரஸ் அந்தக் காவலையே குறைத்துவிடப் பார்க்கும். ஆனாலும் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் டி செல்கள் அந்த இடத்துக்கே வந்து வேலையை முடித்துவிடுகின்றன. சிஐஎன் 1 பெரும்பாலும் தானாகவே மறைவதும் அதனால்தான். அவசரப்பட்டு வெட்டினால் பின்னால் குறைப்பிரசவ அபாயம் கூடலாம். சிஐஎன் 3 என்றால் கதை வேறு, வெட்டித்தான் ஆக வேண்டும்.

சிகரெட் பிடிப்பீர்களா என்று கேட்டார். சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, புகை அந்தக் காவல் செல்களைக் குறைக்கிறதாம். இப்போது தடுப்பூசி போடலாமா என்றேன். அது இனி வரும் தொற்றைத் தடுக்கும், உள்ளே இருப்பதை விரட்டாது என்றார். அதற்குள் அண்ணி எதிர்ப்புச் சக்திக்கென்று விலை கூடிய ஜூஸ் பாட்டில்களோடு வீட்டுக்கு வந்துவிட்டார். குடித்தேன், அவர் மனசுக்காக. அந்தச் செல்களை எழுப்பிவிடும் என்று நிரூபணமான ஜூஸ் எதுவும் கிடையாது.

காத்திருந்ததுதான் கஷ்டம். சோதனை என்னவோ ஒன்றுமேயில்லை.

ஓராண்டு கழித்துப் பார்த்ததில் வைரஸ் தென்படவில்லை. அப்படியும் டாக்டர் என்னை விடவில்லை. சோதனைக்குச் சிக்காத அளவில் அது பதுங்கியிருக்கவும் கூடும் என்று சொல்லி, அடுத்த தேதியையும் அட்டையில் எழுதிக் கொடுத்தார்.