முன் சக்கரத்துக்கு ஆக்சில் வேண்டுமா?

போன மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கூட வேலை செய்யும் தம்பி ஒருவன் போனை நீட்டினான். மதுரைக்காரன், கலிபோர்னியாவுக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. திரையில் பழைய டொயோட்டா டகோமா பிக்கப் வண்டி இரண்டு, ஒன்று பின் சக்கரம் மட்டும் இழுக்கும் டூ வீல் டிரைவ் ப்ரீரன்னர், இன்னொன்று நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் பை ஃபோர், அதற்கு விலை நாலாயிரம் டாலர் கூட. "அண்ணா, பாலைவனத்துல ஓட்டத்தான் வாங்குறேன், சஸ்பென்ஷன் எல்லாம் மாத்திடுவேன். எதை எடுக்க? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் சொல்ல முடிகிற விஷயமாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ பணம் மிஞ்சியிருக்கும். நான் முதலில் ஃபோர் பை ஃபோர் வைத்திருந்தேன், இப்போது ஐந்து வருடமாக ப்ரீரன்னர். அவனிடம் அரைமணி நேரம் பேசியும் முடியவில்லை, அதனால் மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயர். மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் 1967 முதல் நெடுந்தூரப் பாலைவனப் பந்தயம் நடக்கிறது. பந்தயத்துக்குச் சில நாள் முன்னாலேயே வேறொரு வண்டியில் அந்தப் பாதையை ஓட்டிப் பார்த்து, எங்கே பள்ளம், எங்கே பாறை என்று குறித்துக்கொள்வார்கள். அந்த முன்னோட்ட வண்டிக்குத்தான் ப்ரீரன்னர் என்று பெயர். டொயோட்டா 1998-ல் அந்தப் பெயரை டகோமாவில் ஒரு வகைக்கு வைத்தது. ஃபோர் பை ஃபோர் வண்டியின் உயரம், அதே முன்பக்க சஸ்பென்ஷன் அமைப்பு, ஆனால் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் இழுவை. பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் சட்டென்று வித்தியாசம் தெரியாது. குனிந்து முன்பக்கம் கீழே பார்க்க வேண்டும், ஒன்றில் நடுவில் டிஃபரன்ஷியலும் (சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) அதிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டான ஆக்சில் இரண்டு பக்கமும் இருக்கும், மற்றதில் அந்த இடம் வெறும் காலி.

அந்தக் காலி இடத்துக்குத்தான் இவ்வளவு பேச்சும்.

ஃபோர் பை ஃபோரில் டிஃபரன்ஷியல் சேசிஸோடு அசையாமல் இருக்கும், சக்கரம் மட்டும் மேலும் கீழும் போகும். இரண்டையும் இணைக்கும் ஆக்சிலின் இரு முனையிலும் சிவி ஜாயின்ட், அதாவது மடங்கிக்கொண்டே சுற்றும் இணைப்பு. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது அந்த ஜாயின்ட் மடங்குகிறது, மடங்க ஓர் எல்லை இருக்கிறது, அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் குண்டுகள் பிடித்துக்கொள்ளும், ஜாயின்ட்டை மூடியிருக்கும் பூட் ரப்பர் கிழியும், இன்னும் மோசமானால் ஆக்சிலே உடையும். ஆக ஃபோர் பை ஃபோரின் முன் சக்கரம் எவ்வளவு தூரம் ஏறி இறங்கலாம் என்பதை ஷாக் அப்சார்பர் முடிவு செய்வதில்லை, அந்த ஜாயின்ட்தான் முடிவு செய்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து எவ்வளவு நல்ல ஷாக் வாங்கி மாட்டினாலும் இதுதான் கதை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் வண்டியில் உயரம் கூட்ட வேண்டும் என்று ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) ஷாக்குக்கு மேலே ஸ்பேசர் என்ற இடைத்துண்டை வைத்து 3 இன்ச் தூக்கினார்கள். பார்க்க ஜம்மென்று இருந்தது. ஆனால் வண்டி சும்மா நிற்கும்போதே ஆக்சில் கீழ்நோக்கிச் சாய்ந்து, ஜாயின்ட் மடங்க வேண்டியதில் பாதி அங்கேயே மடங்கிவிட்டது என்பதை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாலைந்து மாதம் கழித்து பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது டக் டக் டக் என்று சத்தம். சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தால் ரிம்மின் உள்பக்கம் முழுக்கக் கருப்பு கிரீஸ் வட்டமாகத் தெறித்திருக்கிறது, பூட்டின் மடிப்பில் விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல், கிரீஸ் போன இடத்தில் நைசான மணல். ஹைவேயில் வண்டி அலைபாய்ந்ததும் அதே கைங்கரியம்தான், தூக்கினால் காஸ்டர் கோணம் (ஸ்டியரிங் அச்சு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு) குறையும், அதைச் சரிசெய்ய சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் மேல் கையான அப்பர் ஆர்ம் வேறு வேண்டும், அதையும் வைக்கவில்லை.

ஃபோர் பை ஃபோரிலும் சரியாகச் செய்ய வழி இருக்கிறது. ஆர்மை நீளமாக்குவது. ஒரு கணக்குக்காக கீழ்க் கையான லோயர் ஆர்ம் 14 இன்ச் என்று வைத்துக்கொள்வோம், மேலே 20 டிகிரி, கீழே 20 டிகிரி அசைந்தால் சக்கரத்தின் பயணம் ஏறக்குறைய 9.6 இன்ச். அதே கோணம், ஆர்ம் மட்டும் 17.5 இன்ச் என்றால் 12 இன்ச். ஜாயின்ட்டைக் கூடுதலாக மடக்காமலே 2.4 இன்ச் கிடைத்துவிட்டது. ஆனால் ஆர்ம் நீண்டால் ஆக்சிலும் நீள வேண்டும், பிரேக் ஹோஸ், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எல்லாம் நீள வேண்டும், வண்டி பக்கத்துக்கு 3.5 இன்ச் வீதம் மொத்தம் 7 இன்ச் அகலமாகும், சக்கரம் வெளியே வந்துவிட்டதால் அகலமான ஃபைபர் ஃபெண்டர் (மட்கார்டு) வேண்டும். ஃபோர்டு தன் எஃப்-150 பிக்கப்பின் பாலைவன வகையான ராப்டரை 2010 மாடலாகக் கொண்டுவந்தபோது செய்ததும் இதே வேலைதான். சாதாரண எஃப்-150-யைவிட ஏறக்குறைய 7 இன்ச் அகலம், முன்னால் 11.2 இன்ச் பயணம், நாலு சக்கர இழுவையோடு. என்ன, அவர்கள் தொழிற்சாலையில் செய்தார்கள், நாம் கராஜில் கிரெடிட் கார்டோடு செய்கிறோம்.

டூ வீலில் அந்த ஆக்சில் இல்லை, அதனால் ஜாயின்ட் பற்றிய கவலையும் இல்லை. எல்லையை, ஆர்ம் நுனியில் சக்கரத்தைத் தாங்கும் பால் ஜாயின்ட்டும் ஷாக்கின் நீளமும் டை ராடும் முடிவு செய்யும். பால் ஜாயின்ட்டுக்குப் பதில் இன்னும் அதிகம் சாயும் யூனிபால் இணைப்பைப் போட்டால் இன்னும் தாராளம். ஆக்சில் போகும் இடம் காலியாக இருப்பதால் பெரிய ஷாக்கை நல்ல கோணத்தில் வைக்கலாம். டிஃபரன்ஷியல், சக்தியை முன்பக்கத்துக்கும் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஷாஃப்ட் எதுவும் இல்லாததால் மூக்கும் லேசு. பாஹாவில் முதல் வரிசையில் ஓடும் டிராஃபி டிரக்குகள் பல பத்தாண்டுகள் டூ வீலாகவே இருந்தன, நாலு சக்கர இழுவை அங்கே புகுந்தது சமீப வருடங்களில்தான். வேகமாகப் போகிறவனுக்கு இழுவையைவிட சக்கரத்தின் பயணம் முக்கியம்.

பாலைவனத்தில் வூப்ஸ் என்று ஒன்று உண்டு, வண்டிகள் ஓடி ஓடி மண் அலை அலையாக, ஒவ்வொன்றும் முழங்கால் உயரத்துக்கு, மைல் கணக்கில் நிற்கும். அதில் என் பழைய வண்டியில் 15 மைல் வேகத்திலேயே பல் கிட்டிக்கும். ப்ரீரன்னரில் லாங் டிராவல் (சக்கரத்தின் பயணத்தைக் கூட்டும் சஸ்பென்ஷன்) போட்ட பிறகு அதே இடத்தில் 40-ல் போனேன், சக்கரங்கள் கீழே தையல் மெஷின் ஊசி மாதிரி அடித்துக்கொண்டிருக்க, கேபினில் உட்கார்ந்திருந்த என் மனைவி தண்ணீர் குடித்தாள். இறங்கி ஷாக்கைத் தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல்.

சரி, அப்படியானால் டூ வீல்தானே என்றான் தம்பி. அவசரப்படாதே என்றேன்.

ஒகோட்டியோ வெல்ஸ் பாலைவனப் பக்கம் வறண்ட ஓடை ஒன்றில், ஒரு வளைவில் வேகம் குறைத்தேன், அவ்வளவுதான். டூ வீலில் மணலுக்கு வேகம்தான் உயிர். முன் சக்கரங்கள் இழுக்கவில்லை, ஏர் கலப்பை மாதிரி மணலைத் தள்ளிக்கொண்டு நின்றன, பின்னால் இரண்டு சக்கரத்தையும் சேர்த்தே சுற்றவைக்கும் லாக்கர் போட்டும் இரண்டு சக்கரமும் ஒற்றுமையாகக் குழி தோண்டின. டயரில் 35 பிஎஸ்ஐ இருந்ததை 15-க்கு இறக்கி, டயருக்கு அடியில் ரெகவரி போர்டு என்ற பலகை வைத்து, மண்வெட்டியோடு ஒரு மணி நேரம் போராடினேன். அப்போது எந்த மாற்றமும் செய்யாத பழைய நாலு சக்கர இழுவை டொயோட்டா ஃபோர் ரன்னர் ஒன்றில் ஒரு குடும்பம், பின்சீட்டில் இரண்டு குழந்தைகள், நிதானமாக வந்து, கயிறு கட்டி, இரண்டே நிமிடத்தில் இழுத்துவிட்டுப் போனது. அந்த ஆள் என் சஸ்பென்ஷனைப் பார்த்து "அழகாக இருக்கிறது" என்று வேறு சொன்னார்.

இன்னொன்றை யாரும் முதலில் யோசிப்பதில்லை. ப்ரீரன்னரில் டிரான்ஸ்ஃபர் கேஸ் இல்லை என்றால் மெதுவாக ஊர்வதற்கான லோ ரேஞ்ச் கியரும் இல்லை. செங்குத்தான பாறைச் சரிவில் ஃபோர் பை ஃபோர்காரன் லோவில் போட்டுக் காலை எடுத்துவிட்டு இறங்குவான், எஞ்சினே பிடித்துக்கொள்ளும். நான் பிரேக்கை மிதித்து மிதித்து, வாசனை வந்ததும் பாதியில் நிறுத்தி ஆறவைத்து இறங்குவேன். பாறையில் ஊர்ந்து போவதுதான் ஆசை என்றால் டூ வீல் பக்கமே போகக் கூடாது. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று டூ வீலை வாங்கி ஃபோர் வீலாக்கக் கிளம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். டிரான்ஸ்ஃபர் கேஸ், டிஃபரன்ஷியல், ஆக்சில், வயரிங் என்று சாமான் சேர்க்கும் செலவில் வண்டியை விற்றுவிட்டு ஃபோர் பை ஃபோரே வாங்கிவிடலாம்.

பணம் குறைவு என்றால் பழைய ஃபோர்டு ரேஞ்சரையும் பார்க்கலாம். 1997 வரை வந்த டூ வீல் ரேஞ்சரில் முன்னால் ட்வின் ஐ-பீம், குறுக்கே போகும் இரண்டு நீண்ட இரும்புக் கைகள், அந்த நீளத்தாலேயே பயணம் மலிவாகக் கிடைக்கும். ஜாக்கி வைத்துத் தூக்கினால் சக்கரங்கள் கொக்கு காலை மடக்குவதுபோல உள்ளே மடங்கும், அழகுக்கு நான் பொறுப்பில்லை. பின்பக்கத்துக்கு டூ வீல், ஃபோர் வீல் பேதம் ஒன்றும் இல்லை, நம் ஊர் லாரிகளில் இருக்கும் அதே பட்டைதான், நீளமான பட்டையும் நல்ல ஷாக்கும் போட்டால் போதும்.

தம்பியிடம் கடைசியில் கேட்டேன், உண்மையில் எங்கே போவாய் என்று. பாலைவனம் என்றுதான் ஆரம்பித்தான். கொஞ்சம் கிண்டியதும், மனைவிக்குப் பனி பார்க்க வேண்டும், குளிர்காலத்தில் பிக் பேர் மலைக்கு நாலைந்து தடவை போவோம் என்று வந்தது. இங்கே பனி நாளில் மலைச்சாலையில் டயருக்குச் செயின் போடச் சொல்லி நிறுத்துவார்கள். நாலு சக்கர இழுவையும் நாலிலும் பனி டயரும் இருந்தால், கடுமையான நாள் தவிர, செயினை மாட்டாமல் கூடவே வைத்துக்கொண்டு போகலாம். நான் ப்ரீரன்னரில் ரோட்டோரம் மண்டியிட்டு, விரல் மரத்துப்போய் செயின் மாட்டியவன். ஃபோர் பை ஃபோரை எடு, ஸ்பேசர் வைக்காதே, ஆர்ம் வாங்கக் காசு சேரும்வரை கம்பெனி கொடுத்த உயரத்திலேயே ஓட்டு என்றேன்.

எடுத்துவிட்டான். சனிக்கிழமை காலை என் கராஜுக்கு வருகிறான், முதல் வேலையாக முன் சக்கரத்தைக் கழற்றி பூட் ரப்பரைப் பார்க்க வேண்டும். விற்றவர் "வண்டி மணல் பக்கமே போனதில்லை" என்று சொன்னாராம்.