கருங்குரும்பை ரோமமும் அத்தையோட தக்ளியும்

எங்க திருமங்கலம் பக்கம் ஆட்டு ரோமத்துல நூல் நூக்குறேன்னு யாருகிட்ட சொன்னாலும் மொதக் கேள்வி "நம்ம ஆட்டுல ஏதுத்தா கம்பளி?" தான். கேக்குறது நியாயந்தான், இங்க மேயுற ராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர் பொட்டாடு, கீழக்கரிசல் எல்லாமே கறிக்கு வளக்குற இனம், உடம்புல குட்டை முடிதான். கம்பளி உள்ளதுன்னா திருச்சி கருப்பு, கோயம்புத்தூர் குரும்பை, ஊட்டிப் பக்கம் நீலகிரி, அம்புட்டுதான். எங்க தொழுவத்துல இருக்குறது திருச்சி கருப்பு, கருங்குரும்பைன்னு சொல்வாங்களே அது, நாலு உருப்படி, கூட ரெண்டு வெள்ளாடு.

மொதத் தடவ கத்திரிச்ச ரோமத்த நானே பாழாக்கிட்டேன். எண்ணெய்ப் பிசுக்கும் சாணியுமா இருந்துச்சு, நல்லா கொதிக்கிற தண்ணிய ஊத்தி சோப்பு போட்டு துணி மாதிரி கசக்கிட்டேன், காஞ்சப்புறம் பாத்தா மிதியடி மாதிரி ஒரே கட்டி. ரோமத்து மேல மீன் செதில் மாதிரி கண்ணுக்குத் தெரியாத செதில் இருக்கு, சூடும் தேய்ப்பும் சேந்தா ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டு பிரியவே பிரியாது. இப்ப மழத்தண்ணி புடிச்சு வச்சு வெதுவெதுன்னு சுட வச்சு பூந்திக்கொட்டைய கரைச்சு சும்மா ஊறப் போட்டு எடுக்குறேன், எங்க போர் தண்ணி உப்பு, அதுல பிசுக்கு போகாது.

நெழல்ல காய வச்சு, நாய்க்கு முடி சீவுற கம்பி பிரஷ் ரெண்டு வாங்கி அதுல சீவி, நூக்குறதுக்குத் தோதா நீட்டுத் திரியாப் பட்டை போடுவேன். நூக்குறதுக்கு மூங்கில் குச்சியில பழைய சிடி ஒண்ண மாட்டி நூல் முறுக்குற கதிர் செஞ்சேன். வீடியோ பாத்துப் பாத்து ஒரு வாரம் கெடந்தேன், நூல் அறுந்துக்கிட்டே இருந்துச்சு. திண்ணையில உக்காந்து பாத்துக்கிட்டு இருந்த அத்தை, "முறுக்கு ஏறுறதுக்கு முன்னாடி ஏன்த்தா வெடுக்குன்னு இழுக்குற"ன்னு வாங்கி, தொடையில கதிர ஒரு தேய் தேய்ச்சு சுத்தவிட்டு, எடது கை ரெண்டு வெரலால பட்டைய லேசா விட்டுக் குடுத்தாங்க பாருங்க, ஒரு முழம் நூல் ஒரே சீரா எறங்குச்சு! அவங்க படிச்சது ஆதாரப் பள்ளிக்கூடம், காந்தி 1937ல வார்தாவுல சொன்ன கைத்தொழில் கல்வி, தெனம் தக்ளியில, அதான் கையால சுத்துற சின்னக் கதிர்ல, பஞ்சு நூக்கணும். அம்பது வருசத்துக்கு மேல தொடாத வேலை, ஆனா வெரல் மறக்கல. அன்னைக்கு எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

வெள்ளாட்டு முடியையும் பாத்தேன், வழவழன்னு நழுவுது, புடிமானமே இல்ல. மூணு பங்கு கம்பளிக்கு ஒரு பங்கு கலந்தா நிக்குது. கயிறு திரிக்கத்தான் அது லாயக்கு.

கருங்குரும்பை நூல் சொரசொரன்னுதான் இருக்கும், மேல படுற மாதிரி ஸ்வெட்டர் எல்லாம் ஆகாது, கம்பளிக்கும் விரிப்புக்கும் சரி. கத்திரிச்சத குப்பையில கொட்டுறாங்கன்னு கேள்விப்பட்டா வயிறு எரியுது.

போன வருசம் அறுப்பு முடிஞ்சு ஆட்டு மந்தைய ஓட்டிட்டு வந்து எங்க வயல்ல கிடை போட்டார் கீதாரி ஒருத்தர், அவர் மழைக்கு கொங்காணியா போட்டுக்குற கருப்புக் கம்பளியில ஓரம் பிரிஞ்சு தொங்குச்சு. ரெண்டு இழைய சேத்து, நூத்ததுக்கு எதிர்ப்பக்கமா முறுக்கின நூலக் குடுத்தேன். வெரல்ல சுத்தி இழுத்துப் பாத்தார், மோந்து பாத்தார், "இது ஆட்டு வாசந்தான்"னு சிரிச்சுட்டு அங்கயே உக்காந்து கோணி ஊசியால தைக்க ஆரம்பிச்சுட்டார். இந்த வருசமும் வருவார், இன்னொரு ஓரம் பாக்கி இருக்கு, அதுக்குள்ள ரெண்டு சிட்டம் (நூல் கட்டு) ஆவது நூத்துரணும்.