ஐந்து கிலோ பத்து ரூபாய்

திருவையாறு பக்கம் அம்மா பெட்டிக்கடை வைத்திருக்கிறார். பத்து ரூபாய் காசு செல்லாது என்று ஊரெல்லாம் பேச்சு கிளம்பியபோதும், கடலை மிட்டாய் வாங்க வரும் பிள்ளைகளிடம் அதை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வாங்கிப் போட்டுக்கொள்வார். மீதி கொடுக்கும்போதுதான் வம்பு. "நோட்டா குடுங்கக்கா, பஸ்ல வாங்க மாட்டேங்குறாங்க." ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைந்து, அப்புறம் எண்ணெய் டின்னும் பாதிக்கு வந்துவிட்டது.

தையில் ஊருக்குப் போனபோது பாயில் கொட்டி எண்ணினோம். 637.

வங்கிக்குப் போனேன். "இவ்வளவையும் யார் சார் எண்றது? மாசக் கடைசில வாங்க" என்றார் காசாளர். மாசக் கடைசியில் மேலாளர் விடுப்பு. எனக்கு எரிச்சல்தான், ஆனாலும் கவுண்ட்டரில் அவர் ஒருவர்தான் இருந்தார், பின்னால் நகைக்கடன் வரிசை.

வீட்டுக்கு வந்து தேடினேன். 14 வடிவங்களில் வந்த பத்து ரூபாய் காசுகள் எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து இருந்தால் கள்ளக்காசு என்பதெல்லாம் வெறும் கதை. ரூபாய்க் குறியீடு 2011-இல்தான் காசில் ஏறியது, அதனால் பழையதில் இருக்காது. கடையில் ஒரே தடவையில் ஆயிரம் ரூபாய் வரைதான் காசாகக் கொடுக்கலாம். வங்கிக் கணக்கில் போட அப்படி உச்சவரம்பு இல்லை.

மூன்றாம் முறை நூறு நூறாகக் கட்டிக்கொண்டு போனேன். ஒரு காசு 7.71 கிராம், நூறு என்றால் 771. அம்மாவின் கடைத் தராசில் ஒவ்வொரு பொட்டலமாக வைத்தோம். ஒன்று மட்டும் 763 காட்டியது. பிரித்து எண்ணினால் 99! பாயின் ஓரத்தில் கிடந்தது மிச்சம்.

மேலாளர் ஒரு பொட்டலத்தை மட்டும் எண்ணச் சொன்னார், மற்றதை எடை போட்டார்கள். சலானில் 6,370 எழுதி, அரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம்.

டின்னுக்கு அடியில் பதினொரு ஐந்து ரூபாயும் இருந்தன. பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு 2010-இல் வந்தவை, விமானம் போட்டது. அவற்றையும் கட்டப் போனேன். அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோயிலப் போயி பேங்க்ல போடுவாங்களாடா?"

அவை இப்போது மஞ்சள் துணியில், சாமி படத்துக்குப் பின்னால்.