கிரைண்டர் சத்தத்துக்கு எங்கள் சூட்டியைப் பழக்கியது

நாய்கள் வெடிக்குப் பயப்படும், அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சம்பல் அடிக்கிற கிரைண்டருக்குப் பயந்து வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து ஒழுங்கைக்கு ஓடுகிற நாய் என்று சொன்னால் ஆட்கள் சிரிக்கிறார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கையில் பின்னேரம் ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் போகிற வேகத்துக்கு அது ஒருநாள் அடிபட்டுத்தான் கிடக்கும்.

சூட்டி ஊர் நாய், பெட்டை, வளர்ந்த பிறகுதான் எங்களிடம் வந்தது. குட்டிகள் ஏறத்தாழ 3 கிழமையில் இருந்து 14 கிழமை வரை கேட்டுப் பார்த்துப் பழகியவற்றுக்குப் பிறகு அவ்வளவாகப் பயப்படாது என்பார்கள். சூட்டி அந்த வயதில் எந்தத் தெருவில் நின்றதோ, கிரைண்டரையோ வோஷிங் மெஷினையோ கண்டிருக்காது.

முதலில் மிருக வைத்தியரிடம் காட்டினோம். அவர் காதுக்குள் பார்த்ததோடு விடாமல் இடுப்பையும் கால் மூட்டுகளையும் அமத்திப் பார்த்தார். சத்தத்துக்குப் பயப்படுகிற நாய்க்கு மூட்டை ஏன் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். உடம்பில் நோ இருக்கிற நாய் திடுக்கிடும்போது தசை இறுகி நோ கூடும், பிறகு அந்தச் சத்தத்தையே நோவோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் என்றார். வீட்டுக்கு வந்து தேடினால், மூட்டு நோவுக்கும் சத்தப் பயத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 2018இல் ஓர் ஆய்வே வந்திருக்கிறது. வயது போன நாய் ஒன்று திடீரென்று சத்தங்களுக்கு வெருளத் தொடங்கினால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சூட்டிக்கு அப்படி ஒன்றும் இல்லை, வெறும் பயம்தான்.

அந்தப் பயம் எங்கே தொடங்குகிறது என்று சும்மா இருந்து பார்த்தேன். நான் நினைத்தது போல சுவிட்ச் போடும்போது இல்லை. அம்மா குசினி அலுமாரியைத் திறந்து கிரைண்டரை எடுக்கும்போதே சூட்டி உதட்டை நக்கும், தூக்கமே வராமல் கொட்டாவி விடும், காது பின்னால் போகும். மூடியை 'டக்' என்று அமத்தும்போது வால் கால்களுக்கு நடுவில் போய்விடும். மோட்டர் சுற்றத் தொடங்கும்போது ஆள் வேலிக்கரையில். நமக்கு ஏறத்தாழ 20,000 ஹேர்ட்ஸ் வரைதான் கேட்கும், நாய்க்கு 45,000 அளவுக்குக் கேட்கும், ஆகவே எங்களுக்குக் கேட்காத ஏதோ ஒரு கீச்சலும் அதற்குக் கேட்டிருக்கலாம்.

இந்தப் பயத்தைப் போக்க நாங்கள் எடுத்த முறை புதிது அல்ல. மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1924இல் எழுதிய ஒரு குழந்தையின் கதை இருக்கிறது. பீட்டர் என்ற சின்னப் பையனுக்கு முயலைக் கண்டால் பயம். அவன் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கூட்டில் அடைத்த முயலைத் தூரத்தில் வைத்து, அவன் குழம்பாத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டுவந்தார்கள், கடைசியில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். நாய்க்கும் இதேதான். பயப்படுகிற சாமானை மிகக் குறைந்த அளவில் காட்டு, காட்டியதும் நல்லதொன்றைக் கொடு.

கொடுப்பதற்கு அவித்த கோழி ஈரல், உப்பில்லாமல், நகக்கண் அளவு துண்டுகள். பிஸ்கட்டுக்கு சூட்டி மசியாது. மிச்சக் கறியைக் கழுவிக் கொடுக்கலாம்தானே என்று அப்பா கேட்டார், கறியில் வெங்காயம் இருக்கும், வெங்காயம் நாயின் சிவப்பு இரத்த அணுக்களை உடைக்கும், ஆகவே வேண்டாம். முந்திரிகை வற்றலும் (உலர்ந்த திராட்சை) சொக்கிளேற்றும் கூட நஞ்சுதான். ஈரலும் அளவோடுதான், கூடினால் விற்றமின் ஏ கூடிவிடும். இந்த ஈரல் விசயத்தில் அம்மாவுக்குத்தான் மனவருத்தம். "உந்த நாய்க்கு ஈரல், எங்களுக்குப் பருப்போ?" என்று கேட்டுக்கொண்டே அவித்துத் தந்தார்.

முதலில் சத்தமே இல்லை. கிரைண்டரை வயரைச் சுற்றி விறாந்தை நிலத்தில் வைத்துவிட்டு, அதைச் சுற்றித் தள்ளித் தள்ளி ஈரலைப் போட்டேன். சூட்டி முன்கால் மட்டும் வைத்து, உடம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டு, கழுத்தை நீட்டி எடுத்தது. உடம்பு தளர்ந்து சாதாரணமாக நடந்து வந்து எடுக்கும்வரை அடுத்த படிக்குப் போகவில்லை. அப்புறம் மூடியைத் தட்டும் சத்தம். டக், உடனே ஈரல். இந்த வரிசை மாறக்கூடாது, சத்தம் முதல், சாப்பாடு பிறகு. ஈரலை முதலில் நீட்டிவிட்டுப் பிறகு சத்தம் வைத்தால் நாய் ஈரலையே சந்தேகிக்கத் தொடங்கிவிடும், 'ஓகோ, ஈரல் வந்தால் கிரைண்டர் வரும்' என்று.

போனில் கிரைண்டர் சத்தத்தைப் பதிந்து மெதுவாகப் போடச் சொல்லிப் பலர் எழுதியிருக்கிறார்கள். நானும் போட்டேன், சூட்டி போனைத் திரும்பியும் பார்க்கவில்லை. சின்ன ஸ்பீக்கரில் அடித்தொனி வராது, நிலத்தில் அதிர்வும் வராது. அதைக் கேட்டுப் பழகிய நாய் உண்மையான கிரைண்டருக்கும் பழகிவிட்டது என்று நம்ப வேண்டாம்.

உண்மையான சத்தத்துக்குத் தம்பியின் உதவி தேவைப்பட்டது. நான் சூட்டியோடு வளவின் பின்பக்கம், மாமரத்தடியில். தம்பி குசினிக் கதவைச் சாத்திவிட்டு, ஜாருக்குள் அரைக் கோப்பை தண்ணீர் ஊற்றி, திருகியை மற்றப் பக்கம் திருப்பி ஒரு செக்கன் மட்டும் ஓட விடுவான். கிரைண்டரின் நான்கு காலுக்கும் கீழே பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைத்தோம், மேசை அதிர்வது நன்றாகக் குறைந்தது. சத்தம், ஈரல். சத்தம் நின்றால் ஈரலும் நிற்கும். சூட்டி ஈரலை எடுக்காமல் விட்டால், அல்லது விரலையும் சேர்த்துக் கவ்வி அவசரமாக விழுங்கினால், நாங்கள் அதிகம் கிட்ட வந்துவிட்டோம் என்று அர்த்தம். அன்றைக்கு அதோடு சரி, அடுத்த முறை இன்னும் தள்ளித் தொடங்குவோம். ஒரு தடவைக்குச் சில நிமிடத்துக்கு மேல் செய்ததில்லை.

இதெல்லாம் எழுதும்போது சுலபமாகத் தெரிகிறது. உண்மையான கஷ்டம் நாய் இல்லை, வீடு. பழக்குகிற காலத்தில் நாய் முழுச் சத்தத்தை எதிர்பாராமல் கேட்கக்கூடாது, ஆனால் காலையில் இடியப்பத்துக்குச் சம்பல் வேண்டுமே! நாலு பேர் வீட்டில் "இண்டைக்கு அடிக்காதேங்கோ" என்று எத்தனை நாளைக்குச் சொல்ல முடியும்? கடைசியில் வந்த முடிவு, அம்மா சம்பலை அம்மியில் அரைப்பது, தோசைக்கு உழுந்து அரைக்க வேண்டுமென்றால் முன்பே எனக்குச் சொல்வது, நான் சூட்டியைத் தோட்டப்பக்கம் நடக்கக் கூட்டிப்போவது. அப்பாவுக்கு அம்மிச் சம்பல் கிடைத்ததில் நல்ல சந்தோசம், நாய் கெதியில் பழகிவிடக் கூடாது என்று நேர்த்தி வைத்திருப்பார் போல.

இடையில் கனடாவில் இருந்து சித்தி வந்து நின்றார். விசயம் தெரியாமல் விடியற்காலையில் எதையோ அடிக்கப் போட, சூட்டி பழையபடி வேலிக்கரைக்குப் போய்விட்டது. ஆனால் எல்லாம் பாழாகவில்லை, இரண்டு படி பின்னால் போய் மூடித் தட்டலில் இருந்து தொடங்கினால் முன்னரைவிட விரைவாகவே திரும்பி வந்தது.

ஊரில் எல்லோரும் சொல்வது, பயப்படுகிற நாயைத் தடவினால் பயம் கூடும் என்று. அது சரியில்லை. பயம் என்பது நாய் பரிசுக்காகச் செய்கிற வித்தை இல்லை, கிட்ட வந்து ஒட்டிக்கொண்டால் தடவலாம், ஆறுதலாகக் கதைக்கலாம். செய்யக்கூடாதது பிடித்து வைத்துக் கேட்க விடுவது. சங்கிலியில் கட்டி, பக்கத்தில் மெஷினை ஓட விட்டு, "பழகட்டும்" என்பவர்களைக் கண்டிருக்கிறேன். அந்த நாய் அடங்குவது பழகியதால் இல்லை, ஓட வழியில்லாததால். சில நாய்கள் அந்த நிலையில் கடிக்கும். நாங்கள் சூட்டியைக் கட்டவே இல்லை, வேலிப் பொட்டை மட்டும் மட்டை வைத்து அடைத்தோம், விலகிப் போக வளவு முழுக்க இருந்தது.

கிரைண்டர் பழகினால் மற்றதெல்லாம் பழகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கிணற்றடித் தண்ணி மோட்டருக்குத் தனியாகத் தொடங்க வேண்டி வந்தது, சத்தத்தைக் குறைக்க வழியில்லாததால் தூரத்தை மட்டும் வைத்து, படலையடியில் இருந்து கிணற்றை நோக்கி வந்தோம். இன்னும் கிணற்றுக்கட்டுவரை வரவில்லை, பரவாயில்லை, அங்கே அதற்கு என்ன வேலை?

நான் எதிர்பாராதது யூபிஎஸ். கரண்ட் போனால் தம்பியின் கம்ப்யூட்டருக்குக் கீழே விட்டுவிட்டு 'பீப்' என்று அடிக்கும் அல்லவா, அதற்கு சூட்டி நடுங்கியது, ஓடாமல் ஒரு மூலையில் நின்று வாய் திறந்து இளைத்தது. களைத்துப் போயிருக்கிறது என்றுதான் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் இருந்து 2021இல் வந்த ஆய்வொன்று, தொடர்ந்து இரைகிற சத்தத்தைவிட, புகை அலாரத்தின் பற்றரி குறையும்போது வருவது போன்ற விட்டு விட்டு வரும் கீச்சொலிதான் நாய்களை அதிகம் கலங்கடிக்கிறது என்கிறது, வீட்டுக்காரர் பலர் அதைக் கவனிப்பதில்லை என்றும் சொல்கிறது. இதற்குப் பயிற்சி ஒன்றும் செய்யவில்லை. பொத்தானை அமத்திப் பிடித்தால் பீப் நிற்கிற மொடல் அது, நிறுத்திவிட்டோம், முடிந்தது.

வெடிக்கு இந்த முறை காணாது. எப்போது, எந்தப் பக்கத்தில் இருந்து வரும் என்று தெரியாத சத்தத்தை எப்படி மெதுவாகத் தொடங்குவது? பொங்கலுக்கும் பக்கத்துக் கோயில் திருவிழாவுக்கும் உள்ளறையில் யன்னலைச் சாத்தி, மின்விசிறியை வேகமாகப் போட்டு, நானும் கூட இருப்பேன். அதற்கும் அடங்காவிட்டால் கொடுக்க வைத்தியர் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார், சூட்டியின் நிறையைப் பார்த்து. அதை விசேட நாளுக்கு முன்பே சாதாரண நாளொன்றில் கொடுத்து எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார். வீட்டில் கிடக்கும் பரசிற்றமோலையோ அம்மம்மாவின் நித்திரைக் குளிசையையோ மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.