டேபிளில் ஒரு வரி என்றால் எதைக் குறிக்கிறது?

பாரிமுனையில் ஆண்டர்சன் தெருப் பக்கம் நோட்டுப் புத்தக மொத்த வியாபாரக் கடை ஒன்றில் எட்டு வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். 2025 ஜனவரியில், தகவல்களை அட்டவணைகளாக (டேபிள்) சேமித்து வைக்கும் டேட்டாபேஸின் வடிவமைப்பையும் அதை வைத்து வியாபார முடிவு எடுப்பதையும் சொல்லித் தரும் ஓராண்டுப் படிப்பில் சேர்ந்தேன். ஞாயிறுதோறும் வகுப்பு, அன்று கடைக்கும் விடுமுறை. மற்ற நாட்களில் பீச் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறினால் குரோம்பேட்டை வரும்வரை படிப்பேன். பரீட்சை நெருங்கியபோது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

முதல் இரண்டு மாதம் நார்மலைசேஷன்தான், அதாவது ஒரே தகவல் திரும்பத் திரும்ப வராதபடி டேபிள்களைப் பிரிப்பது. 1970-ல் ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் வெளியிட்ட, தகவலை டேபிள்களாகப் பார்க்கும் ரிலேஷனல் மாடல் கட்டுரையில் தொடங்கி, பீட்டர் சென் 1976-ல் தந்த, எது எதோடு தொடர்புடையது என்று காட்டும் ஈஆர் வரைபடம் வரை வந்தோம். விதிகளை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் வகுப்பு எடுத்த மேடம் கொடுத்த வீட்டுப்பாடத்தில்தான் விஷயம் இருந்தது: “உங்க கடை பில் ஒண்ணை எடுத்து டேபிளா பிரிச்சுக் கொண்டு வாங்க.”

அப்போது எங்கள் கணக்கெல்லாம் ஒரே எக்செல் ஷீட்டில் இருந்தது. அதில் ‘முருகன் ஸ்டோர்’, ‘முருகன் ஸ்டோர்ஸ்’, ‘முருகன் பல்லாவரம்’, ‘பல்லாவரம் முருகன் அண்ணன்’ என்று நாலு பேர். நாலும் ஒரே கடை. வாடிக்கையாளர் டேபிளில் ஒரு கடைக்கு ஒரு வரிதான் (ரோ) இருக்க வேண்டும் என்று உட்கார்ந்ததும் 412 பெயர்கள் 287 கடைகளாகக் குறைந்தன. 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருந்த கடைகளைச் சேர்ப்பது சுலபம். எண் இல்லாத சின்னக் கடைகளை போன் நம்பரை வைத்துத்தான் பிடித்தேன். மூன்று வாரம் ஆனது. இந்த வேலையைப் பாடப்புத்தகம் ஒரு பத்தியில் முடித்துவிடுகிறது, ஆனால் படிப்பில் பாதி இதுதான் என்பேன்.

அடுத்த சிக்கல் விலை. ஒரே தகவலை இரண்டு இடத்தில் வைக்கக் கூடாது என்று படித்திருந்ததால், விலையையும் ஜிஎஸ்டி விகிதத்தையும் சரக்கு டேபிளில் மட்டும் வைத்தேன். மேடம் பார்த்துவிட்டு, “நாளைக்கு விலை ஏறினா பழைய பில் என்ன ஆகும்?” என்றார். பழைய பில்லின் தொகையும் சேர்ந்து மாறிவிடும். இன்றைய விலை என்பது ஒரு தகவல், அன்று விற்ற விலை வேறொரு தகவல். அதனால் பில்லின் ஒவ்வொரு வரியிலும் அன்றைய விலையும் ஜிஎஸ்டி விகிதமும் தனியாகப் பதிவாக வேண்டும். அதன் அருமை அந்த வருடமே தெரிந்தது. செப்டம்பர் 22 முதல் நோட்டுக்கும் பென்சிலுக்கும் 12 சதவீதமாக இருந்த ஜிஎஸ்டி இல்லாமல் போனது. சரக்கு டேபிளில் விகிதத்தை மாற்றினேன், பழைய பில் ஒன்றுகூட அசையவில்லை.

அப்புறம் எஸ்க்யூஎல், டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழி. விற்பனை எவ்வளவு, வசூல் எவ்வளவு என்று கடை முதலாளி அண்ணாச்சிக்கு முதல் அறிக்கை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தவர், “ஏம்மா, வித்ததைவிட வசூல் அதிகமா இருக்கே?” என்றார். முகம் சுண்டிப்போனது.

அன்று ராத்திரி ஒரே ஒரு பில்லை எடுத்து வைத்துப் பார்த்தேன். மூன்று சரக்கு, மொத்தம் 12,000 ரூபாய். கடைக்காரர் 6,000, 6,000 என்று இரண்டு தவணையில் கட்டியிருந்தார். பில் வரிகளையும் ரசீதுகளையும் பில் எண்ணை வைத்து நேராக ஜாயின் செய்தால், அதாவது இணைத்தால், ஒவ்வொரு சரக்கும் ஒவ்வொரு ரசீதோடும் சேர்ந்து ஆறு வரிகள் வருகின்றன. விற்பனை 24,000 ஆகிறது, வசூல் 36,000 ஆகிறது. கம்ப்யூட்டர் எந்த எச்சரிக்கையும் தராது, கேட்டதைக் கூட்டித் தந்துவிடும். முதலில் பில்வாரியாக விற்பனையைத் தனியாகவும் வசூலைத் தனியாகவும் கூட்டிவிட்டு, பிறகுதான் இரண்டையும் இணைக்க வேண்டும். அன்றிலிருந்து எந்த டேபிளைத் தொட்டாலும் ‘இதில் ஒரு வரி எதைக் குறிக்கிறது?’ என்று மேலே எழுதிவிட்டுத்தான் தொடங்குகிறேன். இதைப் படிக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

முக்கியக் கணக்குகளை ஒரே திரையில் காட்டும் டேஷ்போர்டு, வரைபடம் எல்லாம் கடைசி இரண்டு மாதத்தில் ஓடிவிட்டன. கீழே இருக்கும் டேபிள் சரியாக இருந்தால் அவை சுலபம்.

இறுதி ப்ராஜெக்டுக்கு அண்ணாச்சியிடமே கேள்வி கேட்டு வாங்கினேன். “யாரெல்லாம் நம்மகிட்ட வாங்குறதை நிறுத்திட்டாங்க?” என்றார். சாதாரண ஜாயினில் இதற்குப் பதில் வராது, வாங்கியவர்கள்தான் வருவார்கள். வாடிக்கையாளர் டேபிளை இடப்பக்கம் வைத்து, கடந்த ஆறு மாத பில்களோடு லெஃப்ட் ஜாயின் செய்து (இதில் பில் இல்லாத கடையும் விடுபடாது), பில் எண் காலியாக உள்ள கடைகளை மட்டும் எடுத்தேன். 31 கடைகள். கடையை மூடியவர்களைக் கழித்தால் 19. பழைய ஷீட்டில் ஒரே கடைக்குப் பல பெயர் இருந்ததால் இவர்களில் பலர் கண்ணுக்குப் படாமலே இருந்திருக்கிறார்கள்.

தாளை வாங்கி மேலிருந்து கீழே விரலை ஓட்டிய அண்ணாச்சி ஏழாவது பெயரில் நின்றார். “இவன் அப்பா காலத்துலேர்ந்து நம்ம கடைதானேம்மா” என்று சொல்லி, அங்கேயே போனை எடுத்தார்.