ஊற்று எழும் மாதம்

பிப்ரவரி முதல் வாரம். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் இருக்கும் ஏவ்பரி என்ற பழங்காலக் கல்வட்டத்தில் நான் போய் இறங்கியபோது மழை நின்று பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. சுண்ணாம்புச் சேறு பூட்ஸில் அப்பிக்கொண்டது. புகழ்பெற்ற ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தை விட்டுவிட்டு ஏன் இங்கே வருகிறாய் என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே சாதாரண நாட்களில் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். இங்கே கல்லில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்கலாம். ஆடுகள் மட்டும் கொஞ்சம் முறைக்கும்.

அன்று இம்போல்க். கிறிஸ்தவத்துக்கு முந்தைய இயற்கை வழிபாட்டைத் தழுவி இன்று நடக்கும் பேகன் மதத்தின் ஆண்டுச் சக்கரத்தில் வரும் எட்டு விழாக்களில் ஒன்று, பிரிஜிட் தேவிக்கு உரியது. குளிர் முடிந்துவிடவில்லை, ஆனால் மண்ணுக்கு அடியில் ஏதோ அசையத் தொடங்கிவிட்டது என்பதுதான் இந்த விழாவின் பொருள்.

ஏவ்பரியின் வெளிவட்டத்துக்குக் குறுக்களவு மட்டும் 300 மீட்டருக்கு மேல். வட்டத்துக்குள்ளேயே ஒரு கிராமமும் தார்ச்சாலையும் இருக்கின்றன. இடைக்காலத்தில் பல கற்களைப் புதைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் உடைத்து வீடு கட்டினார்கள். 1930களில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் கெய்லர் புதைந்து கிடந்தவற்றைத் தோண்டி நிறுத்தினார். போனது போனதுதான் என்று ஆன கற்களின் இடத்தில் சின்னச் சின்ன கான்கிரீட் கட்டைகளை நட்டார். எல்லோரும் பெரிய கல்லின் முன் நின்று படம் எடுக்கிறார்கள். நான் அந்த கான்கிரீட் கட்டைகள் முன்னால்தான் அதிக நேரம் நிற்பேன். 'இங்கே ஒன்று இருந்தது, இப்போது இல்லை' என்று ஒளிக்காமல் சொல்கின்றன.

நான் பேகன் வழிக்கு வந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. எங்கள் மதம் கற்காலத்திலிருந்து அறுபடாமல் வருகிறது என்று சில பேகன்கள் பெருமை பேசுவார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. பேகன் மதக் கிளைகளில் ஒன்றான விக்கா வெளிச்சத்துக்கு வந்ததே 1951இல் பிரிட்டனின் பழைய சூனியச் சட்டம் நீக்கப்பட்ட பிறகு, அதைப் பரப்பிய ஜெரால்ட் கார்ட்னர் அதைப் பற்றி வெளிப்படையாக எழுதவும் பேசவும் தொடங்கியபோதுதான். இந்தக் கற்களை நட்டவர்கள் எழுத்து எதையும் விட்டுப் போகவில்லை. அவர்கள் தெய்வங்களின் பெயர் எவருக்கும் தெரியாது. சரி, தெரியாவிட்டால் என்ன? தெரியாத இடத்தில் ஒரு கட்டையை நட்டுவிட்டுக் கும்பிட எனக்குக் கூச்சமில்லை.

வயலோரமாக நடந்தால் சில்பரி குன்று வரும். மனிதர் கையால் மண்ணும் சுண்ணாம்பும் கொட்டி எழுப்பிய மேடு, ஏறத்தாழ 40 மீட்டர் உயரம். உள்ளே புதையல் இருக்கும் என்று சுரங்கம் தோண்டியவர்களுக்கு ஒரு சமாதிகூடக் கிடைக்கவில்லை. ஏற அனுமதியில்லை. வணங்கிவிட்டுச் சாலையைக் கடந்தேன்.

எதிரே மேட்டில் வெஸ்ட் கென்னட் கல்லறை. சுமார் 5,600 ஆண்டுகளுக்கு முன் கட்டியது. ஆண், பெண், குழந்தை என்று குறைந்தது 36 பேரின் எலும்புகள் இங்கே கிடைத்திருக்கின்றன. முதல் முறை வந்தபோது பக்தி மிகுதியில் உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றினேன். அடுத்த முறைதான் கவனித்தேன், மெழுகுவர்த்திகளின் கரி கல்லில் ஏறியிருந்தது. அதில் என் பங்கும் இருக்கிறது. இப்போதெல்லாம் இருட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதோடு சரி.

இங்கேதான் அக்காவை நினைப்பேன். அவள் போனபோது ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: எல்லாம் அவன் திட்டம். நல்ல மனதோடுதான் சொன்னார்கள். ஆனால் அப்படித் திட்டம் போடுகிறவனிடம் எனக்குப் பேச ஒன்றும் இல்லாமல் போயிற்று. அடுத்த சம்ஹைனுக்கு, இறந்தவர்களை நினைக்கும் அந்த இரவுக்கு, தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டார். நெருப்பைச் சுற்றிப் பத்துப் பேர். ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். நானும் சொன்னேன். யாரும் காரணம் சொல்லவில்லை. நீ எதை நம்புகிறாய் என்று யாரும் கேட்கவும் இல்லை. அப்புறம் ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் என் மதமாற்றம். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 74,000 பேர் தங்களைப் பேகன் என்று எழுதியிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு நெருப்பு இருந்திருக்குமோ!

கல்லறையிலிருந்து இறங்கினால் ஸ்வாலோஹெட் ஊற்று. கோடையில் வறண்டு கிடக்கும். குளிர்காலம் முழுக்க மழையைக் குடித்த சுண்ணாம்புப் பாறை நிறைந்த பிறகுதான் தண்ணீர் வெளியே வரும். இதைப் புவியியலாளர்கள் அழகாக விளக்குவார்கள். எனக்கு அந்த விளக்கமும் வேண்டும், பிரிஜிட்டும் வேண்டும். இரண்டும் ஒரே தண்ணீரைப் பற்றித்தானே!

அன்று தண்ணீர் வந்திருந்தது. பெருக்கு ஒன்றும் இல்லை, கணுக்கால் அளவுதான். படிக்கல்லில் கால் வைத்தபோது வழுக்கி, ஒரு பூட்ஸ் முழுக்க நனைந்தது. குனிந்து கையை விட்டேன். விரல் மரத்துப்போகும்வரை எடுக்கவில்லை. அவள் பெயரை ஒரு தடவை சொன்னேன்.

ஓரத்து வில்லோ மரத்தில் வேண்டுதல் நாடாக்கள் ஏராளம். பருத்தித் துணி என்றால் தானாக மக்கிவிடும். நைலான் மக்காது, கிளையை இறுக்கிக்கொண்டே போகும். அடுத்தவர் வேண்டுதலில் கை வைக்கலாமா என்று யோசித்தேன். இருந்தாலும் கிளையை அறுத்துக்கொண்டிருந்த நைலானை மட்டும் ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பைக்குள் போட்டேன். விரல் இன்னும் மரத்தே இருந்ததால் முடிச்சுகள் லேசில் அவிழவில்லை. ஐந்தாறு முடிச்சுக்கே அரை மணி நேரம் ஆகிவிட்டது.